மாதிரி முதியவர்

பேச்சியம்மா கேட்டது ஒரே ஒரு சாமான். ஆளைத் தூக்குகிற மெஷின். நாலு சக்கரம், ஒரு இரும்புக் கை, அதில் தொங்குகிற துணித் தொட்டில், அவ்வளவுதான். தொட்டிலைப் படுத்திருப்பவரின் முதுகுக்கடியில் விரித்துவிட்டு பட்டனை அழுத்தினால் ஆள் மெதுவாக மேலே எழும்புவார். அப்படியே தள்ளிக்கொண்டு போய் நாற்காலியில் இறக்கலாம். நிலாவுக்கு ராக்கெட் விடுகிற நாட்டில் கட்டிலிலிருந்து நாற்காலிவரைக்கும் ஒரு கிழவரை அனுப்புவது பெரிய காரியமாக இருக்காது என்று அவள் நினைத்தாள். படிக்காதவள், அப்படித்தான் நினைப்பாள்.

அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி வலது கையும் காலும் விழுந்து போய்ப் படுக்கையோடு கிடந்தார். கச்சால் தீவில் காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டிய உடம்பு. சதை வற்றினாலும் கனம் வற்றவில்லை. இப்போது போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வாடகை வீடு. புருஷன் காம்ப்பெல் பே பக்கம் ரோடு வேலைக்குப் போனவன், கப்பல் கிடைக்கும்போது வருவான். அவள் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டே அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் தூக்குவது. தூக்கி உட்கார வைக்கணும், தூக்கிக் கழுவணும், தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கணும். ஒருநாள் தூக்கும்போது அவள் இடுப்பில் ஏதோ படக்கென்றது. ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தண்ணி பக்கெட்டைக்கூடத் தூக்கக் கூடாது" என்றார்.

"எங்கப்பாவ?"

"அவர் பக்கெட்டைவிட லேசா?"

அவள் தூக்காமல் விட்டதில் அப்பாவின் இடுப்பெலும்புமேல் தோல் சிவந்தது, கறுத்தது, பிறகு திறந்துகொண்டது. படுக்கைப்புண்ணுக்கு ஆபீஸ் நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அது வேலை பார்க்கும்.

பக்கத்து வீட்டு சகாயசெல்விதான் சேதி கொண்டுவந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. புருஷன் பீட்டர் மீன் வண்டி வைத்திருந்தான். "எக்கா, புதுசா ஒரு ஆபீஸ் தொறந்திருக்கானுவ. வயசாளிகள வீட்டுல வச்சுப் பாக்குறவங்களுக்கு மெஷின் குடுக்காம்லா. நீ சொன்ன தூக்குற மெஷின் அங்கன கண்ணாடி ரூமுக்குள்ள நிக்கி. நான் கண்ணால கண்டேன்."

அந்த ஆபீஸின் பெயர் முதியோர் பராமரிப்பாளர் நவீனக் கருவிகள் இயக்ககம். வாசலில் ஒரு பெரிய தட்டி. அதில் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தலைக் கிழவர், அவரைவிட அதிகமாகச் சிரிக்கிற மருமகள். இரண்டு பேருமே வீட்டில் இருப்பவர்கள் மாதிரித் தெரியவில்லை. உள்ளே கண்ணாடி அறை, அதன்மேல் 'மாதிரி இல்லம்' என்று பலகை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்த கட்டில், அதன்மேல் காற்று ஏறி இறங்குகிற மெத்தை, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, அப்புறம் அவள் கனவில் வந்த அந்த மெஷின், எல்லாம் பாலிதீன் கூடப் பிரிக்காமல் நின்றன. 'தொடாதே' என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. தமிழில் எழுதவில்லை. அதனால் பேச்சியம்மா தொட்டாள்.

"அரே! ஹாத் மத் லகாவ்!" என்று வாட்ச்மேன் கத்திய கத்தலில் இணை இயக்குநரே வெளியே வந்துவிட்டார்.

இணை இயக்குநர் உதயசூரியன் மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழர். நல்ல மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்வார். பேச்சியம்மாவை உட்கார வைத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். நாங்க பொருள் கொடுக்கிற துறை இல்லை. தீர்வு கொடுக்கிற துறை. பொருளை எந்தக் கடைக்காரனும் கொடுப்பான்."

"எனக்கு அந்தப் பொருள்தான் சார் தீர்வு."

"அவசரப்படக் கூடாது. அது நாலாவது கட்டம். நீங்க இன்னும் முதல் கட்டத்துக்கே வரல."

முதல் கட்டம் ஒரு கைப்பட்டை. கறுப்பு ரப்பரில் கடிகாரம் போல. கிழவர் கையில் கட்டிவிட்டால், அவர் விழுந்தவுடன் மகளின் போன் அலறும்.

"விழாம இருக்கறதுக்கு ஏதும் இல்லையா சார்?"

உதயசூரியன் பொறுமையாகச் சிரித்தார். "விழுந்தாத்தானேம்மா டேட்டா வரும்?"

பட்டையை வாங்கிக்கொண்டு வந்து கட்டினாள். பத்துபஸ்தியில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், விமானம் இறங்கும்போது ஜன்னலும் அலமாரிப் பாத்திரங்களும் சேர்ந்து நடுங்கும். பட்டைக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வெள்ளைச்சாமி விழுந்துவிட்டார் என்று அது நம்பியது. சென்னை விமானத்துக்கு ஒருமுறை விழுந்தார், கல்கத்தா விமானத்துக்கு ஒருமுறை விழுந்தார். மாவுக்கை கழுவாமல் ஓடி ஓடிப் பார்த்தாள். கிழவர் அசையாமல் படுத்திருந்தார். சாயந்திரம் இயக்ககத்திலிருந்து இந்தியில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் பெரியவர் இன்று பலமுறை விழுந்திருக்கிறார். தைரியமாக இருங்கள். நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.'

இரண்டாவது கட்டம் பயிற்சி முகாம். பராமரிப்பாளர் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் மெஷின் கிடையாது.

"நான் அங்க வந்து குந்திக்கிட்டா அப்பாவ யார் சார் பாக்குறது?"

"அதுக்குத்தானே பட்டை கொடுத்திருக்கு" என்றார் உதயசூரியன். உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

முகாம் நடந்த ஹாலில் பெண்கள்தான் நிறைந்திருந்தார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளம், தமிழ். எல்லோரும் ஒரு கண்ணைப் போனில் வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் வீட்டில் யாரோ தனியாகக் கிடந்தார்கள். சுவரில் பெரிய திரை, அதில் போர்ட் பிளேர் வரைபடம், அதன்மேல் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிழவர் அல்லது கிழவி. உதயசூரியன் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! பராமரிப்பு என்றால் பக்கத்தில் இருப்பது என்ற பழைய எண்ணத்தை இன்று நாம் உடைக்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும்? ஒரு நோயாளியைத்தான் தெரியும். தூரத்தில் இருக்கும் எனக்கு எல்லா நோயாளிகளையும் தெரியும். உங்கள் தந்தையின் நாடித்துடிப்பு உங்களைவிட எனக்கு நெருக்கமானது..."

பேச்சியம்மாவின் போன் அலறியது. விமானமாக இருக்கும் என்று காதைத் தீட்டினாள். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் பத்துபஸ்தியில் ஒரு புள்ளி சிவப்பாகி மின்னத் தொடங்கியது.

"பாருங்கள்! பாருங்கள்!" உதயசூரியனுக்குக் குரல் தழுதழுத்தது. "இது ஒத்திகை அல்ல. நேரலை! இந்த நிமிஷம் பத்துபஸ்தியில் ஒரு முதியவர் விழுந்திருக்கிறார்!"

முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். தட்டச் சொன்னதால் பின்வரிசையும் தட்டியது.

பேச்சியம்மா எழுந்தாள்.

"உட்காருங்கம்மா. நன்றியுரைவரைக்கும் இருக்கணும்."

"எங்கப்பா கீழ கெடக்காரு சார்."

"அதைத்தானேம்மா சிஸ்டம் சொல்லுது! உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க, அதுதான் வெற்றி. நடுவுல எழுந்து போனா சான்றிதழ் கிடையாது."

அவள் செருப்பைக் கூடத் தேடாமல் ஓடினாள்.

வீட்டில் கிழவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே முகம் தரையில் பட விழுந்து கிடந்தார். மணிக்கட்டிலிருந்த பட்டை ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தது. நலமா என்று கேட்டது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லச் சொன்னது. வெள்ளைச்சாமி பிறந்து வளர்ந்த சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷ் பேசினால் அது துரைதான். கோணிய வாயால் அவர் மரியாதையாகவே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தொர... கொஞ்சம் தூக்கிவுடுங்க தொர..."

புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றது பட்டை.

"விழுந்துட்டேங்க தொர..."

புரியவில்லை என்றது பட்டை.

எவ்வளவு நேரம் இந்தப் பேச்சுவார்த்தை நடந்ததோ. பேச்சியம்மா பட்டையை அறுத்து மாவு வாளிக்குள் எறிந்தாள். சகாயசெல்வி ஓடிவந்து, தெருவில் போன இரண்டு பேரையும் கூப்பிட்டு, எல்லோருமாகக் கிழவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். புண் விரிந்து படுக்கை நனைந்திருந்தது. "நாசமாப் போவானுவ" என்றாள் சகாயசெல்வி. சுத்தமான தமிழ்.

சான்றிதழ் வரவில்லை. மாவு வாளிக்குள்ளிருந்த பட்டை மட்டும் ஊறிப்போய், கிழவர் கடலில் விழுந்துவிட்டதாக இயக்ககத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் போய் நின்றாள். இந்தத் தடவை உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. உதயசூரியன் மனசு இளகி ஒரு குறுக்குவழி சொன்னார். "சுமைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. அப்பாவை இங்கே கொண்டுவந்து எங்க முன்னாடி நீங்க தூக்கிக் காட்டணும்."

"தூக்கிக் காட்டினா மெஷின் குடுப்பீங்களா?"

"தூக்க முடிஞ்சா மெஷின் எதுக்கும்மா? நீங்க தகுதி இல்லாதவங்க ஆயிடுவீங்க."

"அப்ப தூக்க முடியலன்னா?"

"தூக்க முடியலன்னா நீங்க பராமரிப்பாளரே இல்லையே. பெரியவரைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். ரூல்படி அவரை ஹோமுக்கு அனுப்பணும்."

பேச்சியம்மா விடவில்லை. "பாதி தூக்கினா?"

உதயசூரியன் யோசித்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டார். "பாதிக்கு ரூல் வரல" என்றார் வருத்தமாக.

வேறு வழி இல்லை. அப்பாவை நேரில் பார்த்தாலாவது ஒரு ஆளுக்காவது மனசு வராதா என்று நினைத்தாள். பீட்டர் மீன் வண்டியைக் கழுவி, பெட்டிகளை இறக்கி, பாய் விரித்துக் கிழவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனான். வரும் வழியெல்லாம் காக்கைகள் பின்தொடர்ந்தன.

இயக்ககம் அன்றைக்கு அல்லோலகல்லோலமாக இருந்தது. டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு காலை விமானத்தில் இறங்கிவிட்டது. மாதிரி இல்லத்தைப் பார்க்க வருகிறது. கட்டில் தயார், மெத்தை தயார், மெஷின் தயார். கட்டிலில் படுக்க வேண்டிய 'மாதிரி முதியவர்' மட்டும் இல்லை. அது ஒரு ரப்பர் பொம்மை. மூச்சு விடும், கண்ணைத் திறந்து மூடும், வெளிநாட்டுச் சாமான். சென்னையில் கப்பல் ஏறிவிட்டது. ஆனால் கடல் சரியில்லை என்று கப்பல் வந்து சேரவில்லை. பொம்மை வந்து இறங்கிவிட்டதாகப் போன மாசமே டெல்லிக்கு எழுதியாயிற்று. தீவில் எல்லாமே கப்பலில்தான் வரும், வராததற்கும் கப்பல்தான் காரணம், அது டெல்லிக்குப் புரியாது.

உதயசூரியன் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தார். நடையின் நடுவில் பெஞ்சில் கிடத்தியிருந்த வெள்ளைச்சாமிமேல் அவர் கண் விழுந்தது. நின்றார். முதல்முறையாக அந்த மனிதரை முழுசாகப் பார்த்தார்.

"அம்மா, அப்பா கொஞ்ச நேரம் அசையாமப் படுத்திருப்பாரா?"

"வேற என்ன சார் செஞ்சுக்கிட்டிருக்காரு அவரு?"

பொம்மைக்குப் பதிலாக அப்பா படுக்க வேண்டும் என்று அவர் விஷயத்தைச் சொன்னார். "பொம்மன்னு எதுக்கு சார் சொல்லணும்? நெசமான ஆளுன்னே சொல்லிருங்களேன்."

"நிஜமான ஆளை இதுல படுக்க வைக்க ரூல் இல்லம்மா" என்றார் உதயசூரியன். "இதெல்லாம் பொம்மைக்காக வாங்கினது."

அவள் மறுத்திருப்பாள். ஆனால் அதற்குள் ஊழியர்கள் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். தொட்டில் அப்பாவின் முதுகுக்கடியில் போனது. பட்டன் அழுத்தப்பட்டது. வெள்ளைச்சாமி எழும்பினார். வலியில் முகம் சுளிக்காமல், யாருடைய இடுப்பும் உடையாமல், கோயில் சப்பரம் போலக் காற்றில் மிதந்து போய்க் காற்று மெத்தையில் இறங்கினார். மெத்தை அவருக்கடியில் மூச்சு வாங்கி, புண் இருந்த பக்கத்தைத் தானே ஒதுக்கிக் கொடுத்தது. "ஸ்ஸ்" என்றார் கிழவர். அது வலிச் சத்தம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டாள். அவளைக் கட்டில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நீங்களும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் உதயசூரியன்.

குழு வந்தது. தலைவி ஒரு பட்டுப்புடவை அம்மாள், கூடவே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர். பேச்செல்லாம் இந்தியில். தீவில் பிறந்தவளுக்கு இந்தி தனியாகக் கற்றுத்தர வேண்டுமா, ஒரு சொல் விடாமல் பேச்சியம்மாவுக்குப் புரிந்தது.

தலைவி கிழவரின் கன்னத்தைத் தொட்டாள். "சூடாக இருக்கிறதே!"

"உடல் வெப்ப வசதி மேடம்" என்றார் உதயசூரியன்.

"மூச்சு?"

"தானியங்கி மேடம்."

"ஒரு மாதிரி வாடை வருகிறதே?"

"அதுவும் உண்டு மேடம். பராமரிப்பாளர்கள் பழகிக்கொள்வதற்காக."

அட்டைக்காரரில் ஒருவர் கிழவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் புண்ணைப் பார்த்தார். குனிந்து இன்னும் பக்கத்தில் பார்த்தார். "அற்புதம்! புண்ணைக்கூட எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்!" என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினார்.

வெள்ளைச்சாமி அலறினார்.

"ஒலி வசதி" என்றார் உதயசூரியன். வியர்த்துக்கொட்டியது. "தொட்டால் கத்தும்."

கிழவர் மூச்சு வாங்கினார். உதட்டை நக்கினார். தன்னைச் சுற்றி நின்ற நல்ல துணிமணிகளைப் பார்த்தார். "தண்ணி... தண்ணி குடுங்க தொர."

"இது என்ன பாஷை?"

"பிராந்திய மொழி வசதி மேடம். இந்தி அடுத்த நிதியாண்டில் வந்துவிடும்."

"தண்ணி குடுங்க தொர... தண்ணி..."

தலைவி முகம் சுளித்தாள். "சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறதே. இதை எங்கே அணைப்பது?"

உதயசூரியன் குனிந்து கட்டிலுக்கடியில் தேடினார். உண்மையாகவே தேடினார். ஒரு கணம் அவருக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது.

"அணைக்க முடியாது மேம்சாப்" என்றாள் பேச்சியம்மா. இந்தியில்தான் சொன்னாள். பஜாரில் சண்டை போட்டுப் பழகிய இந்தி. "எத்தன பேரு பாத்தாச்சு. தோட்டத்துல ஒழச்ச ஆள இது எங்க நாட்டு ஆளில்லன்னு சிலோன் கவர்மெண்டு அணைச்சுப் பாத்துச்சு. நம்ம கவர்மெண்டு கப்பல்ல ஏத்தி ரப்பர் காட்டுல எறக்கி அணைச்சுப் பாத்துச்சு. சுனாமி வந்து பாத்துச்சு. கடைசியா இந்த ஆபீஸு ஒரு பட்டையக் கட்டிப் பாத்துச்சு. அணையல. இவரு பேரு வெள்ளைச்சாமி. எங்கப்பா. நீங்க வெரல வச்சு அழுத்தினீங்களே, அது புண்ணு."

மேஜைமேல் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பாட்டிலைத் திறந்து அப்பாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அறையில் அவர் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தலைவி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு உதயசூரியன் பக்கம் திரும்பினாள்.

"பராமரிப்பாளர் பொம்மையும் தத்ரூபமாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல் மிக அதிகம். இரண்டிலும் அணைக்கும் வசதி இல்லை. இது எவ்வளவு பெரிய குறை தெரியுமா? பழுதான மாதிரியையும் அதோடு சேர்ந்த எல்லாச் சாமான்களையும் இன்றைக்கே இங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். புதிதாக வரவழையுங்கள்."

உதயசூரியன் முகத்தில் ரத்தம் திரும்பியது. கட்டிலில் கிடப்பது மனிதர் என்றால் விசாரணை. பழுது என்றால் வெறும் மாற்றுப்பொருள். "உடனே மேடம், உடனே" என்றார்.

குழு சாப்பிடப் போயிற்று. உத்தரவு உத்தரவுதான். ஸ்டோர் ஆட்கள் கட்டிலைக் கழற்றினார்கள், மெத்தையைச் சுருட்டினார்கள், ஓட்டை நாற்காலியையும் ஆள் தூக்கும் மெஷினையும் லாரியில் ஏற்றினார்கள். கிழவரைப் பீட்டரின் வண்டியில் ஏற்றியதும் மெஷின்தான். டிரைவர் தலையை நீட்டி, "கஹான் உதாருன்?" என்று யாரிடமென்றில்லாமல் கேட்டான். பழுதான சாமானை எங்கே இறக்குவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பத்துபஸ்தி" என்றாள் பேச்சியம்மா. "முன்னாடி போற மீன் வண்டியப் பாத்துக்கிட்டே வா பையா."

கட்டில் போட்டதும் வீட்டில் நிற்க இடமில்லை. மாவு மெஷினை வெளியே தள்ள வேண்டியதாயிற்று. பரவாயில்லை. புண் ஓரத்திலிருந்து உலரத் தொடங்கியது. சாயந்திரம் சாயந்திரம் வெள்ளைச்சாமி தொட்டிலில் எழும்பி, வாசல் நாற்காலியில் இறங்கி, போகிற வருகிற விமானங்களைத் திட்டினார்.

ஷாதிபூரிலிருந்து ஆக்சிலியா என்றொருத்தி விசாரித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா இடுப்பு உடைந்து மாசக்கணக்கில் படுக்கை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், தொட்டிலைத் தடவினாள், கேட்க வந்ததைக் கேட்காமல் நின்றாள்.

"அங்க புதுச் சாமான் வந்துருச்சா?" என்று பேச்சியம்மாவே கேட்டாள்.

"எல்லாம் ஏரோப்ளேன்லயே கொண்டாந்துட்டாங்களாம் அக்கா. கட்டிலு, மெத்தை, மெஷினு. பொம்மதான் இன்னும் கப்பல்ல."

"கமிட்டி மறுபடி எப்ப வருதாம்?"

"வெள்ளிக்கிழம."

பேச்சியம்மா மாவுக்கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மாவுக்கு வாய் எப்படி?"

"எங்கம்மாவுக்கா? தெருவே தாங்காது."

"அப்ப வெள்ளிக்கிழம காலையில பீட்டர் தம்பி வண்டிய அனுப்புறேன். அசையாமக் கெடன்னு சொல்லுவானுங்க. கெடக்கச் சொல்லு. கமிட்டி கிட்ட வந்து குனியும் பாரு, அப்ப ஆரம்பிக்கச் சொல்லு."